எல்லார் முகவரியும் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் பேத்தி போகும் துணைப்பாட நிலையம் விடுமுறைக்கால வகுப்பு அட்டவணையை மின்னஞ்சலில் அனுப்பியது. நல்லதுதான். ஆனால் எல்லாப் பெற்றோரின் முகவரியையும், மற்றவர் கண்ணுக்குத் தெரியும் 'சிசி' வரியில் போட்டுவிட்டார்கள். அப்புறம் என்ன, 'நன்றி', 'ஓகே' என்று ஆளாளுக்கு, எல்லாருக்கும் பதில் போகும் 'ரிப்ளை ஆல்' தட்ட, என் அஞ்சல் பெட்டி கூட்டம் நெரியும் தேக்கா சந்தை ஆகிவிட்டது. கட்டண பாக்கிக்குத் தவணை கேட்டு ஒரு தாயார் எழுதியதையும் எல்லாரும் படித்தோம், பாவம்.

'டு' வரியில் நிலையத்தின் முகவரி, முகவரியை மற்றவருக்குக் காட்டாத 'பிசிசி' வரியில் பெற்றோர் என்று போட்டிருந்தால், 'ரிப்ளை ஆல்' தட்டினாலும் பதில் நிலையத்துக்கு மட்டுமே போயிருக்கும். சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு 'சிசி' சரி. முன்பின் தெரியாத பெற்றோருக்கு எதற்கு? சிங்கப்பூரில் 2012ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் துணைப்பாட நிலையங்களுக்கும் உண்டு. அடுத்த அட்டவணையையாவது நிலையத்தார் 'பிசிசி'யில் அனுப்பட்டும்.

வாசகி, பிடோக்