கட்டின் அடியில் பச்சைப் புல்

தம்பலகாமம்,
திருகோணமலை.

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய பண்ணைப் படம் கிடைத்தது. அம்மா மாடுகளைப் பார்த்துப் பூரித்துப்போனா. நான் குளக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டெக்சாஸ் வெயிலில் மேய்ச்சல் தரை முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. கட்டின் வெளிப்பக்க அடியில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் பச்சைப் புல். அதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

போனில் கேட்டபோது சிரித்தாய். "தனியார் காணி, 500 ஏக்கர் அடிக்குக் குறைவு, சனம் குறைந்த கவுண்டி, அதுதான் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. இப்படியான குளத்துக்கு விலக்கு உண்டு, அரசாங்கம் கட்டைச் சோதிக்க வராது அப்பா" என்றாய். சரி, வராது. பராமரிப்பு அப்போதும் உன் பொறுப்புத்தானே? உன் குளம் 40 ஏக்கர் அடி. ஒரு ஏக்கர் அடி என்றால் ஒரு ஏக்கர் வயலில் ஓரடி ஆழத்துக்கு நிற்கிற தண்ணீர், அதுவே 1,230 தொன். மிச்சக் கணக்கை நீயே போடு.

1986 ஏப்ரல் 20 விடியற்காலை கந்தளாய்க் குளம் உடைந்த கதை உனக்குத் தெரியும். வருடப்பிறப்பு கழிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. 120 பேருக்கு மேல் போனார்கள். குளக்கோட்டன் என்ற பழைய அரசன் கட்டியது என்று நாங்கள் பெருமை பேசிய குளம். ஆனால் உன் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது உன் பெரியப்பாவின் மாட்டுப்பட்டிக் குளம். பேர்கூட இல்லாத குட்டிக் குளம். கட்டில் நின்ற வேம்பை வெட்டியவர் அடிக்கட்டையை அப்படியே விட்டுவிட்டார். ஆறேழு வருடத்தில் வேரெல்லாம் உக்கி, கட்டுக்குள்ளே ஓட்டை விழுந்துவிட்டது. மாரியில் ஓர் இரவு அதன் வழியே தண்ணீர் ஓடத் தொடங்கி, விடியும்போது கட்டில் லொறி போகிற அளவுக்கு வாய். இரண்டு கன்றுகள் போயின. கீழே வீடு வாசல் இல்லை, தப்பினோம்.

உன் கட்டிலும் ஊஞ்சல் கட்டிய மரம் நிற்கிறதே! அழகுதான், பேரப்பிள்ளைகள் என்னைத் திட்டுவார்கள். சும்மா வெட்டிப்போடாதே, ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டு. எடுப்பதென்றால் நீர்மட்டத்தை இறக்கி, வேரோடு தோண்டி, களிமண்ணைப் படை படையாகப் போட்டு இடித்து இறுக்கவேண்டும். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற வானுக்குக் குறுக்கே அடித்த வேலியையும் கழற்று. மாடு போகாதுதான், ஆனால் வெள்ளத்தில் வருகிற சருகும் கொப்பும் அதில் அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் கட்டுக்கு மேலால்தான் பாயும், மண்கட்டு அதைத் தாங்காது.

கீழே யாரோ புதிதாக வீடு கட்டுகிறார்கள் என்றாயே, அதன் பிறகும் உன் குளத்துக்கு அந்த விலக்கு செல்லுமா என்றும் விசாரி.

அதற்கெல்லாம் முதல், நாளைக்கே அந்தப் பச்சைப் புல்லுக்குள் போய்ப் பார். கசிவு இருந்தால் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் வை. தெளிவாக இருந்தால் கிழமைக்கு ஒருதரம் பார்த்துவா. கலங்கலாக இருந்தால் கட்டின் மண்தான் கரைந்து வருகிறது. அன்றைக்கே தண்ணீரை இறக்கத் தொடங்கு, கீழ் வீட்டாருக்கும் சொல்லு. அடுத்த முறை மாட்டுப் படம் வேண்டாம், போத்தல் படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா