ஸ்பிரிங்கை முறுக்காதே மச்சான்

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, இப்போது மாடிப்படி ஏறுகிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசானது. இங்கே அப்பாவுக்கு ஷெல் கண் ஆஸ்பத்திரியில் இரண்டாவது கண்ணுக்கும் புரை எடுத்தாகிவிட்டது. காலையில் வாசல்படியில் உட்கார்ந்து யாரையும் கூப்பிடாமல் தானே பேப்பர் படிக்கிறார். உன் தங்கச்சி நன்றாக இருக்கிறாள். சின்னவள் ஒன்பதாவது போகிறாள். மாமா எப்போது ஓசூரிலிருந்து வருவார் என்று வாரம் ஒருமுறை கேட்டுவிடுகிறாள்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். டர்போவில் மிஞ்சுகிற காற்றை வெளியே விடுகிற புது புளோ ஆஃப் வால்வை மாட்டியதிலிருந்து சிக்னலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி ஆஃப் ஆகிறது, இழுவையில் காலை எடுத்தால் புறா படபடக்கிற மாதிரி சத்தம் வருகிறது, வால்வின் ஸ்பிரிங்கை இறுக்குகிற மேல் ஸ்க்ரூவை முழுக்க முறுக்கினால் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம், ஏறும் என்று ஒருவர் சொன்னார், முறுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும்வரை அந்த ஸ்க்ரூவைத் தொடாதே. உன்னுடையதும் என்னுடையதும் ஒரே 1.8 டர்போ ஆக்டேவியா. நீ இப்போது படுகிற பாட்டை நான் போன மாசம் முழுக்கப் பட்டேன்.

முதலில் என் கதை. கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் வால்வில் எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்றாவது கியரில் மிதித்தால் முன்னே மாதிரி இழுக்கவில்லை. கழற்றிக் கையில் வைத்து, அடிப்பக்கம் விரலை விட்டு உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வை, அதாவது டயஃப்ராமை, மேலே தள்ளினேன். மேல் பக்கத்துச் சின்னக் குழாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, தள்ளிய விரலை மெதுவாக எடுத்தேன். நல்ல வால்வு என்றால் அப்படியே மேலே நிற்கவேண்டும். இது மெல்ல மெல்ல இறங்கி வந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் ரப்பரின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். நம் ஊர் சித்திரை வெயிலில் பானட்டுக்கு அடியில் இத்தனை வருஷம் அந்த ரப்பர் தாங்கியதே பெரிய விஷயம்.

அதனால்தான் அலுமினியத்தில் பிஸ்டன் வைத்த, ஸ்க்ரூவால் அட்ஜஸ்ட் செய்கிற வால்வை வாங்கினேன். ஒரு கடையில் மாட்டவும் கொடுத்தேன். அவர்கள் எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற மேனிஃபோல்டிலிருந்து தனி ஹோஸ் எடுக்காமல், பிரேக்கை மிதிக்க உதவுகிற பிரேக் பூஸ்டருக்குப் போகிற குழாயில் ஒரு டீ ஜாயிண்ட் போட்டு அங்கிருந்து வாக்யூம் எடுத்துவிட்டார்கள். அந்தக் குழாயில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு, உனக்குத் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் எப்போதும் வாக்யூம் மட்டும்தான் இருக்கும், பூஸ்ட் அழுத்தம் எட்டவே எட்டாது. என்ன ஆனது? மிதிக்கிற நேரத்திலும் வால்வு திறந்தே நின்றது. பூஸ்ட் ஏறவில்லை. அதைச் சரிசெய்கிறேன் என்று கடைப்பையன் ஸ்க்ரூவை முழுக்க முறுக்கினான். பூஸ்ட் வந்தது, கூடவே படபடப்பும் வந்தது. "முறுக்கினால் பூஸ்ட் ஏறும்" என்கிற பேச்சு இப்படி எங்கோ தப்பாக மாட்டிய வண்டியில்தான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குக் கோபம் அந்த டீ ஜாயிண்டின் மேல்தான். அந்த இடத்தில் கசிந்தால் பிரேக் கட்டையாகிவிடும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி.

நாம் இரண்டு பேரும் காவேரிப்பாக்கம் ஏரி கோடி போவதைப் பார்க்கப் போனோமே, 2021 நவம்பரில், பாலாறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடிய வாரம்? அதை நினைத்துக்கொள். கோடி என்று மிச்சத் தண்ணீர் வழிகிற வழி ஒன்று இல்லாவிட்டால் வருகிற தண்ணீர் திரும்பிக் கரையைத்தான் இடிக்கும். டர்போவில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சக்கரம் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நீ காலை எடுத்ததும், எஞ்சினுக்குக் காற்று போகிற கதவான த்ராட்டில் மூடுகிறது. சக்கரம் உடனே நிற்காது. தள்ளிய காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் திரும்பிவந்து அந்த இறக்கைகளின் மேலேயே மோதுகிறது. நீ கேட்கிற படபடப்பு அதுதான். கேட்க அழகாக இருக்கிறது என்று சிலர் அதற்காகவே விட்டுவைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் டர்போவின் தண்டும் பேரிங்கும் அந்த அடியை வாங்குகின்றன. லேசாக மிதித்துக் காலை எடுக்கும்போது கொஞ்சம் கேட்டால் பரவாயில்லை. முழு பூஸ்டில் காலை எடுத்ததும் கேட்டால் விடக்கூடாது.

இப்போது ஸ்பிரிங் விஷயம். வால்வின் மேல் அறைக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஹோஸ் வருகிறது. மிதிக்கும்போது கீழே எவ்வளவு அழுத்தமோ ஏறக்குறைய அதே அழுத்தம் மேலேயும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ள, ஸ்பிரிங் சும்மா மூடிப் பிடித்தால் போதும். காலை எடுத்ததும் மேலே வாக்யூம் ஆகிறது, கீழே அழுத்தம் அப்படியே நிற்கிறது, பிஸ்டன் மேலே ஏறி வழி விடுகிறது. ஆக அந்த ஸ்பிரிங் பூஸ்டோடு மல்லுக்கட்ட வைத்தது இல்லை. வாக்யூமுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதுதான் அதன் கணக்கு. நானே பார்த்துவிட்டேன். ஹோஸை மேனிஃபோல்டுக்கு மாற்றிய பிறகு, விடிகாலை ஐந்தரைக்குப் பள்ளிகொண்டா பக்கம் ரோடு காலியாக இருக்கும்போது, ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தி ஒரு ஓட்டம், முழுக்க முறுக்கி ஒரு ஓட்டம். மூன்றாவது கியர், முழு மிதி. பூஸ்ட் மீட்டரில் இரண்டு தடவையும் அதே 0.6 பார். ஒரே ஒரு வித்தியாசம்: முழுக்கத் தளர்த்தினால் பாதி மிதியில் வால்வு லேசாகக் கசிந்து, கியர் மாற்றியதும் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டு இழுக்கிறது.

சிக்னலில் ஆஃப் ஆவதற்குக் காரணம் வேறே. நம் வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறது. உள்ளே போகிற காற்றை அங்கேயே அளந்து, அதற்குத் தகுந்த பெட்ரோலைக் கம்ப்யூட்டர் ஊற்றுகிறது. நீ மாட்டியிருக்கிற வால்வு அளந்த காற்றை வெளியே ஊதித் தள்ளிவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, போன காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். பிளக் கரி பிடிக்கிறது, சைலன்சரில் கறுப்புப் புகை, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் சுடவைக்கிறது. கம்பெனி வால்வு அந்தக் காற்றைத் திரும்ப டர்போவுக்கு முன்னால் இருக்கிற குழாய்க்கே கொண்டுபோய் விடும். அதே வழியைப் புது வால்வுக்கும் கொடு. 25 மில்லிமீட்டர் ஹோஸ், இரண்டு கிளாம்ப், வேலை முடிந்தது. பழைய வழியை உன் கடைக்காரர் என்ன செய்தார் என்றும் பார். மூடாமல் விட்டிருந்தால் சென்சார் அளக்காத காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். புஸ் என்ற சத்தம் குறைந்துபோகும் என்று உனக்கு வருத்தம் வரலாம். எனக்கும் இருந்தது. கிரீன் சர்க்கிளில் பின்னால் நாலு பஸ் ஹாரன் அடிக்க, ஆஃப் ஆன வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்த அன்றைக்கே அது போய்விட்டது.

அட்ஜஸ்ட் செய்வது இப்படி. எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைக் கழன்றுவிடாமல் முழுக்கத் தளர்த்து, மிக மென்மையான நிலையிலிருந்து ஆரம்பி. ரிட்டர்ன் ஹோஸை மாட்டுவதற்கு முன் நான் ஒன்று செய்து பார்த்தேன். சின்னவள் பூ கட்டுகிற நூலில் ஒரு சாண் எடுத்து வால்வின் வாய்க்கு நேரே தொங்கவிட்டேன். வண்டி ஐடிலில் நின்றது. நூல் நுனி மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. அப்படியென்றால் ஐடில் வாக்யூமுக்கே வால்வு திறந்திருக்கிறது, ஃபில்டரில் வடியாத காற்று உள்ளே போகிறது. அரைச் சுற்று முறுக்கினேன், இழுத்தது. இன்னொரு அரை, கொஞ்சம் அசைந்தது. நாலாவது அரைச் சுற்றில் நூல் நேராகத் தொங்கி அசையாமல் நின்றது. ஆக முழுத் தளர்விலிருந்து இரண்டு சுற்று. உன் ஸ்பிரிங்குக்கு எண்ணிக்கை வேறாக இருக்கும். ரிட்டர்ன் ஹோஸ் மாட்டியதும் ஐடிலில் கொஞ்சம் திறந்திருந்தாலும் கெடுதல் இல்லை, அளந்த காற்று உள்ளேயேதான் சுற்றி வரும். அதனால் சந்தேகம் வந்தால் மென்மைப் பக்கமே நில். ஓட்டிப் பார்க்கும்போது முழு பூஸ்டில் காலை எடுத்துப் படபடப்பு கேட்டால் கால் சுற்று தளர்த்து, கியர் மாற்றியதும் தயங்கினால் கால் சுற்று முறுக்கு. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பும், அதை இன்னொரு கையால் பிடித்துக்கொள்.

வாக்யூம் ஹோஸ் குட்டையாகவும் தனியாகவும் இருக்கட்டும், இரண்டு முனையிலும் கேபிள் டை போடு. நீளமாக விட்டால் வால்வு தாமதமாகத்தான் திறக்கும்.

அப்புறம் ஒரு விஷயம், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. போன வாரம் குடும்பத்தோடு ஏலகிரி போனோம். அடிவாரம் வரைக்கும் வால்வு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. பதினாலு கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறியதும் காலை எடுக்கும்போதெல்லாம் லேசாகப் படபடத்தது. மேலே போய் ஐடிலில் மீட்டரைப் பார்த்தேன். வேலூரில் 19 இஞ்ச் (பாதரச அளவு) காட்டுகிற வாக்யூம் அங்கே 16தான். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஒரு இஞ்ச் குறையும், வெளிக்காற்றின் அழுத்தமே அங்கே குறைச்சல். வால்வைத் திறக்கிற பலம் குறைந்துபோனது, ஸ்பிரிங் அதே பலத்தோடு நின்றது. கால் சுற்று தளர்த்தினேன், போய்விட்டது. இறங்கி வந்தும் அப்படியே விட்டிருக்கிறேன், கீழேயும் நன்றாகவே இருக்கிறது. உன் ஊர் வேலூரைவிட நல்ல உயரம். இங்கே நான் வைத்த அளவை அப்படியே உன் வண்டியில் வைக்காதே.

பிஸ்டன் வால்வுக்குத் தூசி ஆகாது. பாலாற்று மணல் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுகிற நான் மூன்று மாசத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு தடவப்போகிறேன். நீ ஆறு மாசத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது. கம்பெனி வடிவத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு ஒத்துக்கொள்வதில்லை, இன்ஷூரன்ஸ்காரர்களும் கேள்வி கேட்பார்கள். நமக்கு எஃப்.சி. வருகிற நேரம் வேறு. அதனால் நல்ல டயஃப்ராமோடு ஒரு கம்பெனி வால்வு தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் உனக்கும் சேர்த்து வாங்குகிறேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அப்பா அவர்களைப் பார்க்க ஆசைப்படுகிறார், இப்போது நன்றாகப் பார்க்கவும் முடியும். அதுவரை மெதுவாக ஓட்டு. உன் பழைய பிளாஸ்டிக் வால்வைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன், அதையும் மறக்காமல் எடுத்து வா, கட்டைவிரல் வைத்துப் பார்த்துவிடலாம். ரிட்டர்ன் ஹோஸும் கிளாம்ப்பும் நான் வாங்கி வைத்துவிட்டேன். மத்தியானத்துக்கு ஆம்பூர் பிரியாணி சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்குத் தனியாக ரசம் சாதம்.

அன்புடன்,
உன் மச்சான்