ஆன் என்றால் மேலே இல்லை: ஆங்கிலப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலப் பாடம் எழுதும் பெரியவர்களுக்கும், அதை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் மதுரையில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு வேலை பார்க்கிறவள். மகள் நாலாம் வகுப்பு. போன மாதப் பரீட்சையில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் படம் வரையச் சொல்லியிருந்தார்கள். 'தேர் இஸ் எ லிசர்ட் ஆன் த சீலிங்.' என் மகள் ஓட்டு வீடு ஒன்றை வரைந்து, ஓட்டின் உச்சியில் வெயில் காய்கிற மாதிரி ஒரு பல்லியை உட்கார வைத்திருந்தாள். வாலைக்கூட அழகாக வளைத்திருந்தாள். அதன் குறுக்கே சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி, மார்க் பூஜ்யம்.

அழுதுகொண்டே நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். புரட்டிப் பார்த்தேன். கரும்பலகையில் எழுதிப்போட்டதை அப்படியே எழுதியிருக்கிறாள்: ஆன் - மேலே, அண்டர் - கீழே, இன் - உள்ளே, சீலிங் - கூரை. இந்த நாலு வரியை நம்பித்தான் பிள்ளை வரைந்தது. கூரைக்கு மேலே பல்லி. இதில் அவள் தப்பு என்ன என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

ஆன் என்றால் மேலே இல்லை. ஒன்றைத் தொட்டுக்கொண்டோ ஒட்டிக்கொண்டோ இருப்பதுதான் ஆன். மேசையில் இருக்கும் புத்தகத்துக்கும் ஆன், சுவரில் தொங்கும் காலண்டருக்கும் ஆன், விரலில் கிடக்கும் மோதிரத்துக்கும் ஆன், தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லிக்கும் ஆன். சீலிங் என்பது அறைக்குள் நின்று அண்ணாந்தால் தெரிகிற உட்பக்கம், வெளிப்பக்கம் ரூஃப். இரண்டையும் கூரை என்று எழுதிப்போட்டால் பல்லி எங்கேதான் போகும்?

இதைச் சொல்லித்தரத் தமிழே கை கொடுக்கும். மேசை மேல் புத்தகம் என்கிறோம், மேசைக்கு மேலே ஃபேன் என்கிறோம். ஒரு 'க்கு' வந்ததுமே நடுவில் இடைவெளி வந்துவிடுகிறது. தொட்டால் ஆன், தொடாமல் உயரத்தில் இருந்தால் ஓவர் அல்லது அபவ் என்று இதை வைத்தே காட்டலாம். அப்புறம், மரத்தில் காக்கா, மரத்தில் மாங்காய், நமக்கு இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் காக்கா கிளைகளுக்கு நடுவே இருப்பதால் பெரும்பாலும் 'இன் த ட்ரீ', காம்போடு ஒட்டியிருக்கும் மாங்காய் 'ஆன் த ட்ரீ'. ஐந்து நிமிஷம் ஆகுமா இதைச் சொல்ல? ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்று எழுதிப்போடுவதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன், ரைட் என்றால் வலது, முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு ஆங்கிலத் தையல் தாளைப் பார்த்துச் சட்டை தைத்தபோது அதில் 'ரைட் சைட்ஸ் டுகெதர்' என்று இருந்தது. துணியின் நல்ல பக்கம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்துத் தை என்று அர்த்தம். நான் வலதுபக்க ஓரங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டேன். அடுத்தவர் கொடுத்த பட்டுத் துணி. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பிரித்தேன், ஊசித் தடம் போகவே இல்லை, துணிக்காசைக் கொடுத்துத்தான் தீர்த்தேன். பத்து வருஷம் ஆங்கிலம் படித்தவளுக்கு இந்த நிலைமை. ஃபீஸ் கட்டுகிறோம், டியூஷன் வைக்கிறோம், பிள்ளைகள் கவிதையெல்லாம் ஒப்பிக்கிறார்கள், ஆனால் டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் திணறுகிறார்கள்.

இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குத் திசை புரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மேல மாசி வீதி ஆங்கிலப் பலகையில் ஏன் வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட் ஆனது என்று அவளே கேட்டாள். மலை இருக்கிற மேட்டுப் பக்கம் மேற்கு, தண்ணீர் ஓடி இறங்குகிற பக்கம் கிழக்கு, வைகையே வருசநாட்டு மலையிலிருந்து அப்படித்தானே வருகிறது என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். கீழ மாசி வீதி ஈஸ்ட் என்று நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள். காரணம் சொன்னால் பிள்ளைக்குப் புரியும்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அவர்களுக்குச் சொல்லித்தந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். அதனால்தான் பாடம் எழுதும் உங்களையும் சேர்த்துக் கேட்கிறேன். இந்தச் சொற்களுக்கு நேரே ஒற்றைத் தமிழ் அர்த்தம் போடாதீர்கள். ஒரு டப்பாவும் பென்சிலும் போதும், உள்ளே போட்டு, மேலே வைத்து, தொடாமல் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டில் ஒட்டிக் காட்டச் சொல்லிப் பாடத்திலேயே எழுதுங்கள். மார்க்கைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த நாலு வரியை மட்டும் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

நேற்று ராத்திரி டியூப்லைட் பக்கத்தில் பல்லி வந்தது. இதுதான் 'ஆன் த சீலிங்' என்று காட்டினேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதை ஏம்மா மிஸ் முன்னாடியே காட்டல?" என்றாள்.

பணிவுடன்,
ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா