ராஸ்பெரி பையில் பாட்டுப் பெட்டி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. சின்னவள் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வைகாசி என்றால் குடும்பத்தோடு வந்துவிடுவோம், அண்ணியிடம் சொல்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ராஸ்பெரி பை ஓடும் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாத உன்னால் நெட்வொர்க் மியூசிக் பிளேயர், அதாவது சேர்த்து வைத்த பாட்டுகளை வீட்டு நெட்வொர்க் வழியே பாட வைக்கும் பெட்டி, செய்ய முடியுமா? தாராளமாக முடியும். நீ பயப்படுகிற சாஃப்ட்வேர் பகுதிதான் இருப்பதிலேயே சுலபம். சாமான் வாங்கும்போதும் பாட்டுகளை அடுக்கும்போதும்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கம்ப்யூட்டர் (சுருக்கமாகப் பை) வாங்கு, ஒரு ஜிபி ரேம் போதும். பை 5 இதற்கு வீண் செலவு. 16 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று, பிறகு ஒரு டிஏசி போர்டு, அதாவது டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஒலி சிக்னலாக மாற்றும் பலகை. பையிலேயே இயர்போன் ஓட்டை இருக்கிறதே என்பாய். அதில் வரும் சத்தம் செய்தி கேட்க ஆகும், பாட்டுக்கு ஆகாது.

டிஏசியில்தான் கவனம் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ஊதா நிறக் குட்டி போர்டில் பிசிஎம் 5102 சிப் இருக்கும். அதை நீயே ஒயர் போட்டு இணைக்க வேண்டும்: பையின் 12ஆம் பின் போர்டில் பிசிகே என்று எழுதிய முனைக்கு, 35 எல்சிகே-க்கு, 40 டின்-னுக்கு, கூடவே 5 வோல்ட்டும் கிரவுண்டும். எஸ்சிகே என்ற முனையைக் கிரவுண்டோடு சேர்க்காமல் விட்டால் சத்தமே வராது, இல்லாவிட்டால் இரைச்சல் வரும். போர்டின் பின்பக்கம் எக்ஸ்எஸ்எம்டி ஜம்பர் (ஈயப் பற்று வைத்து இணைக்கும் சின்ன இடம்) 'எல்' பக்கம் சால்டர் ஆகியிருந்தால் போர்டு ஊமை. 'எச்' பக்கம் இருக்க வேண்டும். முதல் தடவைக்கு இந்த வம்பு உனக்கு வேண்டாம். பையின் 40 பின் மேல் நேராக உட்காரும் பிசிஎம் 5122 போர்டை வாங்கு. சால்டரிங் வேலையே இல்லை.

சாஃப்ட்வேருக்கு வால்யூமியோ போதும். சில வசதிகளுக்குச் சந்தா கேட்பார்கள், உன் வீட்டுப் பாட்டுகளைக் கேட்க அது தேவையில்லை. அதன் இமேஜ் ஃபைலை (முழு மென்பொருளும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, கம்ப்யூட்டரில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற மென்பொருள் மூலம் கார்டில் எழுதி, கார்டைச் செருகி கரண்ட் கொடு. முதல் தடவை எழுந்து உட்காரச் சில நிமிடம் ஆகும், நடுவில் பிடுங்கிவிடாதே. பிறகு போனின் வைஃபை பட்டியலில் வால்யூமியோ என்று தெரியும். அதில் சேர்ந்து, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் முடிந்தது.

அந்தக் கேள்விகளில் ஒன்று மட்டும் முக்கியம்: ஐ2எஸ் டிஏசி (பையின் பின்களில் நேராக இணைக்கும் டிஏசி) உண்டா, எந்த மாடல்? 5122 என்றால் பட்டியலில் 'ஹைஃபைபெர்ரி டிஏசி பிளஸ்', 5102 என்றால் வெறும் 'ஹைஃபைபெர்ரி டிஏசி'. மாற்றிக் கொடுத்தால் சத்தம் வராது. பிளஸ் டிரைவர் (போர்டை இயக்கும் நிரல்) ஐ2சி வழியாக, அதாவது சிப்புக்கு ஆணை அனுப்பும் தனி இணைப்பு வழியாக, சிப்பைத் தேடும். 5102க்கு ஐ2சி-யே கிடையாது, அதனால் சவுண்ட் கார்டு இல்லை என்று முடிவு கட்டிவிடும். போர்டு செத்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பல பேருடைய கதை இதுதான். முதல் பாட்டுக்கு முன்னால் ஆம்ப்ளிஃபயர் குமிழைக் குறைத்து வை. டிஏசியிலிருந்து முழு 2 வோல்ட் அப்படியே வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

செல்போன் சார்ஜரில் ஓட்டாதே. பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். மெல்லிய கேபிளில் வோல்டேஜ் 4.63க்குக் கீழே இறங்கினால் பாட்டு திக்கும், யுஎஸ்பி டிஸ்க் காணாமல் போகும். யுஎஸ்பி முனைகள் நான்கும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும், ஆகவே ஹார்ட் டிஸ்க் என்றால் தனி அடாப்டர் உள்ளதாகப் பார். அணைக்கும்போது மெனுவில் ஷட்டவுன் கொடுத்து, பச்சை விளக்கு அடங்கிய பிறகு சுவிட்சை அணை. உங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகுமென்றால் வால்யூமியோவுக்குப் பதில் பைகோர்பிளேயர் என்ற மென்பொருளைப் பார். முழுவதும் ரேமிலேயே ஓடுவதால் கார்டு கெடும் பயம் குறைவு.

வைஃபை வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதே. சிடி தரப் பாட்டுக்கு நொடிக்கு 1.4 மெகாபிட்டுக்கு மேல் தேவையில்லை. ஆனால் அழகுக்காக இரும்புப் பெட்டிக்குள் பையை அடைத்தால் சிக்னல் அறுந்து அறுந்து வரும். லான் கேபிள் எட்டினால் அதுவே உத்தமம்.

பாட்டுகள் உள்ள டிஸ்கை ரௌட்டரில் செருகியிருந்து, அது நெட்வொர்க்கில் தெரிந்தும் திறக்காவிட்டால், பழைய ரௌட்டர் எஸ்எம்பி 1 (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறையின் பழைய வடிவம்) மட்டும் பேசுகிறதோ என்று சந்தேகப்படு. வால்யூமியோவில் டிஸ்க் சேர்க்கும் பக்கத்தில் ஆப்ஷன்ஸ் கட்டத்தில் 'vers=1.0' என்று அடித்துப் பார்.

கடைசியாக, நம் சினிமாப் பாட்டுகளுக்கே உரிய தலைவலி. ஒரு படத்தின் ஐந்து பாட்டை ஐந்து பேர் பாடியிருப்பார்கள். பிளேயர் பாடகர் பெயரைப் பார்த்து ஒரே படத்தை ஐந்து ஆல்பமாக உடைத்துவிடும். கம்ப்யூட்டரில் எம்பி3டேக் மென்பொருளில் அந்த ஐந்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடு. எல்லாப் படத்துக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் வேண்டும். இளையராஜாவை ஒரு படத்தில் தமிழிலும் இன்னொன்றில் ஆங்கிலத்திலும் எழுதினால் இரண்டு இளையராஜா ஆகிவிடுவார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபோல்டர் வைத்து, போஸ்டரை 'cover' என்ற ஆங்கிலப் பெயரில் ஜேபெக் படமாக உள்ளே போட்டுவிடு. திருத்தியதும் லைப்ரரியை ரீஸ்கேன் செய். உன்னிடம் இருக்கும் சேகரிப்புக்கு இந்த வேலை ஒன்றுதான் வாரக்கணக்கில் இழுக்கும். கல்யாண வேலையெல்லாம் முடிந்து ஆற அமர உட்கார்.

போர்டு வாங்குவதற்கு முன் அதன் படத்தை எனக்கு அனுப்பு. சிப் மேலுள்ள எண் தெரிகிற மாதிரி இருக்கட்டும்.

அன்புடன்,
ரவி