மைனாவை விடச் சின்ன வல்லூறு

அன்புள்ள கண்ணா,

தென்னாப்பிரிக்காவின் அப்பிங்டனிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. மின்கம்பத்தில் வைக்கோல் போரைத் தூக்கி மாட்டியதுபோல அந்தக் கூடு! நம் கிணற்றடித் தூக்கணாங்குருவி தனித்தனிக் கூடாகக் கட்டித் தொங்கவிடும். உங்கள் கலகாரிப் பாலைவனக் குருவிகளுக்கோ ஊரே ஒரே கூரைக்குள்.

ஓரத்தில் உட்கார்ந்திருப்பது கீச்சானா என்று கேட்டிருந்தாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பெரிசாக்கிப் பார்த்தால் கொக்கி அலகு, வெள்ளை முகம், கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம், காலும் அதே சிவப்பு. குள்ள வல்லூறுடா அது! ஆப்பிரிக்காவின் இரைக்கொல்லிப் பறவைகளிலேயே சின்னது. நீளம் 20 செ.மீ., எடை 60 கிராம் சொச்சம். மைனா இதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு கனக்கும். முதுகு செம்பழுப்பாக இருப்பதால் நீ எடுத்தது பெண். ஆணுக்கு முதுகும் சாம்பல்தான். பிடரியில் வெள்ளையாகப் பாதிக் கழுத்துப்பட்டை தெரிகிறதா? 1836-இல் விலங்கியலாளர் ஆண்ட்ரூ ஸ்மித் வைத்த 'செமிடார்குவேட்டஸ்' என்ற அறிவியல் பெயருக்கு அதுதான் அர்த்தம்.

இனி நான் சொல்ல வந்தது. பத்தாவதில் என் வகுப்பிலேயே நீ படிக்கும்போது, "கிளிக்கும் வல்லூறுக்கும் அலகு ஒரே மாதிரி வளைஞ்சிருக்கே, சொந்தமா டீச்சர்?" என்று கேட்டாய். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். கழுகு, பருந்து, வல்லூறு எல்லாம் ஒரே வரிசை, அதாவது ஒரே உறவுக்கூட்டம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நான் படித்ததும் அதுதான். 2008-இல் வந்த பெரிய மரபணு ஆய்வில் வல்லூறுகள் பருந்தோடு ஒட்டவே இல்லை. கிளிக்கும் குருவி இனத்துக்கும் பக்கத்தில் போய் நின்றன. இப்போது பருந்துக்குத் தனி வரிசை, வல்லூறுக்குத் தனி வரிசை. இரண்டும் வேட்டையாடிப் பிழைப்பவை; கொக்கி அலகு இருப்பதால் மட்டும் நெருங்கிய சொந்தம் ஆகிவிடாதாம். அலகை வைத்து நீ சொன்ன காரணம் சரியில்லைதான். ஆனாலும் அரை மார்க்காவது போட்டிருக்கலாம்.

அது கூடு கட்டாது. குருவிகளின் கூட்டிலேயே ஓர் அறையைப் பிடித்துக்கொள்ளும். பல்லி, ஓணான், பூச்சிதான் சாப்பாடு. எப்போதாவது வீட்டுக்காரர் குஞ்சும் போகும். அடியிலிருந்து அண்ணாந்து பார். எந்த வாசல் ஓரத்தில் எச்சம் வெள்ளையாக அப்பியிருக்கிறதோ அதுதான் அதன் அறை. படம் எடுத்து அனுப்பு.

முட்டை தின்ன அந்தக் கூடுகளுக்கு நாகம் ஏறும். செருப்போடு போய் நிற்காதே, ஷூ போட்டுக்கொள்.

அம்மா