பேட்டரிக்குச் சூடு, கேமராவுக்குக் குளிர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்கு முழங்கால்தான் காரணம் என்றால், கடிதம் எழுத முழங்கால் எதற்கு என்று கேட்பாய். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை. முழங்கால் இப்போது பரவாயில்லை. படி இறங்கும்போது மட்டும் ஒரு முனகல். இந்தப் பருவத்தில் பனியில் சறுக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கூடவே "வயசுக்கு ஏத்த மாதிரி" என்று ஒரு வாலையும் சேர்த்துவிட்டார்.

பெரியவள் என்னை முந்திப் போய்விட்டாள். இரண்டு வருடம் முன்புவரை சரிவின் நடுவில் நின்று அவளுக்காக நான் காத்திருப்பேன். இப்போது அவள் கீழே கோலில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விடுகிறாள். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு: போன பருவத்தில் எடுத்த படங்களில் பாதி அவள் முதுகுதான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இந்த வயதில் நீ பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாய் என்று படித்ததும் சிரித்தேன், அப்புறம் பொறாமைப்பட்டேன். ஜாக்கெட் பைக்குள் அடங்கும் கேமரா ஒன்று வேண்டும் என்று மூன்று பெயர் எழுதியிருந்தாய்: சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடல், ரிக்கோ ஜிஆர் 3, ஓஎம் சிஸ்டம் டிஜி-7. மூன்றையும் ஒரே தராசில் வைத்திருக்கிறாய். உன் பழைய வழக்கம் அது, எதையும் அட்டவணை போட்டுத்தான் பார்ப்பாய். ஆனால் உன் அட்டவணையில் கையுறைக்கு ஒரு கட்டம் இல்லை. விழுவதற்கும் இல்லை.

படத்தின் தரம் என்று மட்டும் பார்த்தால் ரிக்கோதான். பெரிய கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரை (ஒளியைப் படமாக்கும் சில்லு) 257 கிராமுக்குள் அடக்கியிருக்கிறார்கள். ஆனால் ஜூம் கிடையாது, 28 மில்லிமீட்டர் அகலக் கோணம் மட்டும்தான். உன் நண்பர்கள் முப்பதடி தள்ளிப் போனாலே படத்தில் எறும்பாகிவிடுவார்கள். வெயில் காலத்திலேயே ஒரு பேட்டரிக்கு 200 படம்தான். பனித்தூள் உள்ளே போகாதபடி அடைப்பும் இல்லை. தெருவில் நடந்துகொண்டே படம் எடுப்பவனுக்கு அதைவிட நல்ல கேமரா எனக்குத் தெரியாது. சரிவுக்கு அதை எடுத்துப் போக மாட்டேன்.

சோனியில்தான் எனக்கும் சபலம். 2019-இல் வந்த மாடல். 302 கிராம், 24 முதல் 200 மில்லிமீட்டர் வரை ஜூம், நொடிக்கு 20 படம். சறுக்கி வருகிறவர் பனியைத் தெறிக்கவிட்டுத் திரும்பும் அந்த ஒரு கணத்தைப் பிடிக்க இந்த வேகம் உதவும். மேலேயிருந்து எழும்பும், கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன வியூஃபைண்டரும் இருக்கிறது. கண் கூசும் வெயிலில், பனிக்கு நடுவே, பின்பக்கத் திரையில் நம் மூஞ்சியைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பதால் இதைச் சாதாரணமாக நினைக்காதே. ஆனால் லென்ஸ் குழாய் வெளியே நீளும். அங்கேதான் எனக்குப் பயம்.

அந்தப் பயம் சும்மா வரவில்லை. முன்பு இதே போல லென்ஸ் நீளும் கேமரா ஒன்று வைத்திருந்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், தப்பு என்னுடையது. ஒரு திருப்பத்தில் நின்று, கேமராவை எடுத்து, லென்ஸை நீட்டிய நேரம் பார்த்து, பக்கத்தில் பிரேக் போட்ட ஒரு பையன் எங்கள் மேல் பனியை வாரி அடித்தான். துடைத்துவிட்டு அணைத்தேன். கரகரவென்று ஒரு சத்தம். லென்ஸ் பாதி உள்ளே, பாதி வெளியே, நாக்கை நீட்டிக்கொண்டு செத்துப்போன மாதிரி நின்றுவிட்டது. பனித்தூள் குழாய்களின் இடுக்கில் போய், உருகி, மறுபடி உறைந்திருக்க வேண்டும். பழுது பார்ப்பவர் அதை உதட்டைப் பிதுக்கியபடியே திருப்பிக் கொடுத்தார்.

அதனால்தான் கடைசியில் டிஜி வகைக்கு வந்தேன். ஒலிம்பஸ் என்று நாம் அறிந்த அதே குடும்பம்தான். 2021-இல் கேமரா தொழில் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது, இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது. டிஜி-7 வந்தது 2023-இல். என்னிடம் இருப்பது அதற்கு முந்தைய டிஜி-6, வித்தியாசம் பெரிதாக இல்லை. ஜூம் முழுக்க உடலுக்குள்ளேயே நடக்கிறது, லென்ஸ் வெளியே தலை காட்டாது. 15 மீட்டர் ஆழத் தண்ணீர், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுதல், 100 கிலோ எடை, மைனஸ் 10 டிகிரி குளிர் எல்லாம் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள். உன் எடையை நான் கேட்கவில்லை.

"சென்சார் குட்டியூண்டு ஆயிற்றே, 12 மெகாபிக்சல்தானே" என்பாய். உண்மைதான். சோனியின் ஒரு அங்குல சென்சார் பரப்பில் இதைப்போல நான்கு மடங்கு. ஆனால் சின்ன சென்சார் தடுமாறுவது வெளிச்சம் போதாத இடத்தில். புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. மேலேயிருந்து சூரியன், கீழேயிருந்து தரை, இரண்டு பக்கமும் விளக்கு போட்ட மாதிரி. ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, அடிமட்டத்தில் வைத்தாலே ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் போய்விடும். அங்கே சின்ன சென்சாரின் குறை அவ்வளவாகத் தெரியாது. மேகம் கவிந்த மாலையிலும் மரங்களுக்குள்ளும் தெரியும், அதை மறைக்கவில்லை. ஜூமை முழுக்க இழுத்த நூறு மில்லிமீட்டர் முனையில் லென்ஸும் உள்ளே விடும் ஒளி கொஞ்சம் குறைவு, எஃப் 4.9. வியூஃபைண்டரும் கிடையாது. வெயிலில் நான் பெரும்பாலும் குத்துமதிப்பாகத்தான் எடுக்கிறேன்.

எதை வாங்கினாலும், வாங்கும் முன் கடைக்கு உன் சறுக்குக் கையுறையோடு போ. பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. பையிலிருந்து எடுத்து, உயிர் கொடுத்து, ஜூம் செய்து, ஒரு படம் எடுத்து, மறுபடி பையில் போட்டு ஜிப்பை மூடு. ஒரு தடவையாவது கையுறையைக் கழற்ற வேண்டி வந்தால் அந்தக் கேமராவை நீ மலையில் மூன்று நாளைக்கு மேல் எடுக்க மாட்டாய். தொடுதிரையை மட்டும் நம்பியிருப்பதெல்லாம் இந்தப் பரீட்சையில் போய்விடும். கூலிங் கிளாஸையும் எடுத்துப் போ. போலரைஸ்டு கண்ணாடியாக இருந்தால் சில திரைகள் கேமராவைத் திருப்பிப் பிடித்ததும் கறுத்துப்போகும். என் முதல் நாள் அனுபவம் அது, கேமரா போய்விட்டது என்று அலறினேன்.

இனி குளிர். லித்தியம் பேட்டரி குளிரில் செத்துப்போவதில்லை, மயங்கிப்போகிறது. உள்ளே வேதிவினை மந்தமாகி, கேட்ட மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல், "தீர்ந்துவிட்டது" என்று கேமராவைச் சொல்லவைக்கும். கையில் வைத்துச் சூடாக்கினால் பாதி உயிர் திரும்பும். அதனால் இரண்டாவது பேட்டரி ஒன்றை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள். சேர்லிஃப்டில், அதான் மலைமேலே தூக்கிப் போகும் தொங்கு நாற்காலியில், ஏறும்போது மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அடைப்பு உள்ள கேமராவில் மூடியைத் திறக்கும்போது பனி உள்ளே விழாமல் பார். ரப்பர் வளையத்தில் ஒரு துகள் ஒட்டினாலும் தண்ணீர் புகாது என்ற உத்தரவாதம் போச்சு. காற்றடித்தால் கேமராவுக்கு இன்னும் குளிரும் என்று எழுதியிருந்தாய். காற்றில் கூடுதலாக நடுங்குவது நாம்தான். கேமரா வெளிக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகாது, அந்த நிலைக்குச் சீக்கிரம் வந்துசேரும், அவ்வளவுதான்.

பேட்டரி சூடாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கேமராவையும் நெஞ்சோடு அணைத்து வைக்காதே. நான் முதல் வருடம் செய்த தப்பு அது. வியர்வை ஈரத்தில் ஊறி, வெளியே எடுத்ததும் லென்ஸில் ஆவி படிந்து, அது உறைந்து, கீறினால்கூட வராத பனிப்பூச்சாகிவிட்டது. வாயால் ஊதினால் இன்னும் மோசம், நம் மூச்சே ஈரம்தானே. கேமரா வெளிப்பையில் குளிர்ந்தே கிடக்கட்டும். சாயங்காலம் சூடான அறைக்குள் போகும் முன், வாசலிலேயே, ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் அதைப் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடிவிடு. ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும், கேமராவில் படியாது. ஒரு மணி நேரமாவது திறக்காதே. படங்களைப் பார்க்கும் ஆசை தாங்காது என்றால் கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிக்கொள். நான் கழற்றிவிடுவேன்.

எந்தப் பை என்பதும் முக்கியம். நெஞ்சுக்கு நேராக உள்ள பையில் கெட்டியான சாமான் எதையும் வைக்காதே. நீ முகம் குப்புற விழும் கட்டத்தில்தான் இருக்கிறாய், விலா எலும்பு கேமராவைவிட மெல்லியது. பக்கவாட்டில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வைப்பது எனக்குச் சரிப்படுகிறது. இன்னொன்று, உனக்கு இப்போது தேவைப்படாது என்றாலும் சொல்லிவைக்கிறேன். என்றைக்காவது போட்ட பாதையை விட்டு வெளியே போனால், பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும் டிரான்ஸீவரை உடம்பில் கட்டிக்கொள்வாய். அது 457 கிலோஹெர்ட்ஸில் பேசும் கருவி. கேமரா, போன் எல்லாம் அதைக் குழப்பும். சாதாரணமாக 20 சென்டிமீட்டர் தள்ளி, தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

படம் எடுப்பதில் உன்னிடம் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் உனக்கே தெரியும். கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் உலகம் முழுக்க நடுத்தரச் சாம்பல் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. வெள்ளைப் பனியைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கித்தான் தரும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, பிளஸ் 1-இல் வைத்து ஆரம்பி, தேவையானால் 1.7 வரை ஏற்று. திரையில் வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரச் சுவரில் முட்டாமல் பார்த்துக்கொண்டால் பனியின் நொறுங்கலும் கோடுகளும் நிற்கும். நிழல் நீலமாக வரும். அது வானத்தின் நிறம், திருத்தாமல் விட்டுவிடு, அழகாகவே இருக்கும். மேகமூட்டத்தில் பனியும் வானமும் ஒன்றாகிச் சரிவே தெரியாமல் போகும் நாளில் கேமராவை வெளியே எடுப்பது வீண். மரங்களுக்குப் பக்கத்தில் போனால் ஏதாவது தேறும்.

மேலிருந்து எடுத்தால் எவ்வளவு செங்குத்தான சரிவும் தரைபோலத் தட்டையாகிவிடும். கீழே போய், ஓரமாக நின்று, மேலே பார்த்து எடு. என் மகளின் முதுகுப் பிரச்சினைக்கும் அதுதான் தீர்வு, ஆனால் அவளுக்கு முன்னால் நான் கீழே போய்ச் சேர்ந்தால்தானே?

போனே போதுமே என்று உன் மனைவி சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் சொல்வதில் பாதி சரி. நல்ல வெயிலில் போனும் அருமையாக எடுக்கும். ஆனால் ஆப்பிளே தன் போனுக்குப் பூஜ்யம் முதல் 35 டிகிரி வரைதான் வேலை செய்யும் சூழல் என்று எழுதியிருக்கிறது. விழுந்து காலை முறித்துக்கொண்டால் உதவிக்குக் கூப்பிட வேண்டிய கருவியைப் படம் எடுத்தே தீர்க்காதே. ஹெல்மெட்டில் மாட்டும் கோப்ரோவைப் பற்றியும் கேட்டிருந்தாய். வீடியோவுக்குச் சரி. படத்தில் மலையெல்லாம் மணல்மேடாகிவிடும்.

ஆக, உனக்கு டிஜி-7. இரண்டு பருவம் போய், விழுவது குறைந்து, இன்னும் ஆசை இருந்தால் சோனிக்குப் போ, நானும் அப்போது உன்னோடு சேர்ந்துகொள்கிறேன். எதுவானாலும் மணிக்கட்டு வாரை மட்டும் போடாமல் விடாதே. சேர்லிஃப்டிலிருந்து நழுவிய கேமராவை வசந்தத்தில் பனி உருகிய பிறகுதான் தேடலாம்.

விடுதி நாட்களில் நாம் பங்கு போட்டு வாங்கிய அந்த ஃபிலிம் கேமரா நினைவிருக்கிறதா? 36 படச் சுருளைக் கழுவி வந்தபோது பதினொன்றில் உன் கட்டைவிரல். கடைக்காரர் அதையும் அச்சிட்டுக் கொடுத்தார், அதற்கும் காசு கொடுத்தோம். இந்த அடைப்புக் கேமராக்களில் சில மாடல்களுக்கு லென்ஸ் மேல்மூலையில் இருக்கும். பருத்த கையுறை போட்ட விரல் தானாகவே அதன் மேல் வந்து நிற்கும். கடையில் அதையும் பார்த்துக்கொள். முதல் நாள் எடுத்ததில் விரல் விழாத படம் ஒன்றாவது இருந்தால் எனக்கு அனுப்பு.

உன்
பழைய அறைத் தோழன்