அறிவியல் கதைக்கும் ஒரு போட்டி வையுங்கள்: புத்தகத் திருவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி மாவட்டப் புத்தகத் திருவிழாவை நடத்தும் குழுவினருக்கு, வணக்கம்.

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அடுத்த திருவிழாவில் மாணவர்களுக்கு வைக்கும் போட்டிகளோடு அறிவியல் சிறுகதைக்கும் ஒன்று வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பேச்சு, ஓவியம், வினாடி வினா எல்லாம் வழக்கம்போல் இருக்கட்டும். கட்டுரைப் போட்டிகளின் லட்சணம் ஊரறிந்தது. பெரியவர் யாராவது எழுதிக் கொடுப்பார், பிள்ளை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து இறக்கி வைத்துவிட்டுப் போகும். கதையில் அது அவ்வளவு சுலபத்தில் நடக்காது.

ஒரு கதைப் போட்டியால் என்ன வந்துவிடப் போகிறது என்று உங்களில் யாராவது கேட்கலாம். 1974-ல் மராத்தி விஞ்ஞானப் பரிஷத் நடத்திய அறிவியல் கதைப் போட்டியைப் பாருங்கள். 'கிருஷ்ணவிவர்', அதாவது கருந்துளை, என்ற தலைப்பில் ஒரு கதை வந்தது. எழுதியவர் பெயர் நாராயண் விநாயக் ஜக்தாப். முதல் பரிசு அதற்குத்தான். ஆனால் அப்படி ஓர் ஆளே கிடையாது. வானியற்பியலாளர் ஜயந்த் விஷ்ணு நார்லிகர்தான் தன் பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு ஒரு பெயரை உண்டாக்கி, கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று மனைவி மங்களாவை எழுதித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்போது அவர் ஒளிந்துகொள்ள வேண்டிய அளவுக்குப் பெரிய ஆள். கோலாப்பூரில் 1938-ல் பிறந்து, வாரணாசியில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் வானியலாளர் பிரெட் ஹாயிலிடம் ஆய்வு செய்தவர். இருவரும் சேர்ந்து 1964-ல் ஈர்ப்புக்கு ஒரு புதுக் கோட்பாட்டைக் கொடுத்தார்கள். மறு ஆண்டே பத்மபூஷண் வந்தது, வயது இருபத்தாறுதான். 1972-ல் ஊர் திரும்பி மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்திருந்தார். பெயரைப் பார்த்தாலே நடுவர்கள் பரிசைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கதைக்குக் கதையாகத்தான் மதிப்பெண் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

அதன் பிறகு அவர் கதை எழுதுவதை விடவில்லை. பானிபட் போரில் ஒரு தோட்டா குறி தவறியிருந்தால் இந்திய வரலாறு எப்படிப் போயிருக்கும் என்று ஒரு கதை. அதன் ஆங்கில வடிவம் மத்தியப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் இடம்பெற்றது. மும்பையில் பனி கொட்டுவதாக இன்னொன்று. இதற்கு நடுவில்தான் புனேயில் 1988-ல் தொடங்கிய வானியல், வானியற்பியல் பல்கலைக்கழக மையத்துக்கு நிறுவன இயக்குநராக இருந்தார். கையெழுத்து கேட்டு வரும் பிள்ளைகளிடம், அஞ்சலட்டையில் ஒரு கேள்வி எழுதி அனுப்பு, பதிலில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்பாராம். 2014-ல் மராத்தித் தன்வரலாற்றுக்காக சாகித்திய அகாதமி விருது. 2021-ல் நாசிக்கில் கூடிய அகில இந்திய மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைவர். ஓர் இயற்பியலாளரை இலக்கிய மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைக்கிறார்கள், பாருங்கள். 2025 மே மாதம் காலமானார்.

ஒரு கிளைக்கதை. நம் கண்காட்சிகளில் எந்த அரங்கில் ஆள் இல்லாவிட்டாலும் ஜோதிடப் புத்தக அரங்கில் கூட்டம் இருக்கும். நார்லிகரும் சிலரும் சேர்ந்து, படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, யார் எந்தப் பக்கம் என்று சொல்லுமாறு ஜோதிடர்களுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 40 ஜாதகம். பதில் அனுப்பிய 27 பேரும் சேர்ந்து சொன்னதில் சரியானவை 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட வந்திருக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு கதை எழுதி வைத்திருந்தாள். மாங்காய் சீசனில் ஒருநாள் காலை, நம் மாவட்டத்தில் மட்டும் பூமியின் ஈர்ப்பு பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மரத்திலிருந்து விழும் பெங்களூரா காய் இனி அடிபடாது என்று தோப்புக்காரருக்கு ஏக சந்தோஷம். நான் படித்துவிட்டு, ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் காயின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார் என்றேன். முன்பு நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வந்த காய், இப்போது ஒன்பதரையில் வருகிறது. அடி அப்படியேதான் படும். முகம் சுருங்கிப் போனாள். ஆனால் வீட்டுக்குப் போய் அவளே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். வேகம் பாதியாக வேண்டுமென்றால் ஈர்ப்பு கால் பங்காக வேண்டும். அதன்படி கதையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

அங்கேதான் கதை பிடித்துக்கொண்டது. கால் பங்கு ஈர்ப்பு என்றால் மண்டியில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசு ஒரு கிலோ காயைக் கால் கிலோ என்றுதானே காட்டும்? லோடு லோடாகக் காய் கொண்டுபோனவர் கால்வாசிப் பணத்தோடு திரும்புகிறார். தாத்தா காலத்துத் தட்டுத் தராசில் மட்டும் எடை சரியாக நிற்கிறது, ஏனென்றால் அங்கே காய் இலேசானால் படிக்கல்லும் இலேசாகிறது. ஊரே பரணில் கிடக்கும் பழைய தராசைத் தேடி அலைகிறது. வகுப்பில் இதை வாசித்தபோது, “அப்போ போர் மோட்டாருக்கும் கரண்ட் கால்வாசிதான் ஆகுமா சார்?” என்று ஒரு பையன் கேட்டான். “விவசாயத்துக்கு அது இலவசம்தானேடா” என்று பின்பெஞ்சிலிருந்து பதில் வந்தது. நிறைக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். இவ்வளவு சத்தத்தோடு அது எந்த வருஷமும் வகுப்புக்குள் நுழைந்ததில்லை.

இந்தக் கதையை எந்தப் போட்டிக்கு அனுப்புவது? அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்து கொண்டுவரச் சொல்கிறார்கள். இலக்கிய மன்றத்தில் தலைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நோட்டு அவள் பையிலேயே இருக்கிறது.

நம் மண்ணில் கதைக்குப் பஞ்சமா? நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். அந்த உலையை ஊதியவன் என்ன நினைத்திருப்பான்? 1792-ல் திப்பு நம் பகுதியான பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் நம் ஊர்கள் இன்று எப்படி இருக்கும்? அதியமான் கையில் கிடைத்த நெல்லிக்கனியை ஒரு வேதியியல் மாணவன் எப்படிப் பார்ப்பான்? தர்மபுரிப் பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு தண்ணீரும் பல்லில் படியும் கறையும் பாடப்புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே போட்டியாக வைக்கலாம்.

நடத்துவதற்குப் பெரிய செலவு இல்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்கள் எழுதட்டும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னட வழியில் படிக்கும் பிள்ளைகள் அவரவர் மொழியில் எழுத விடுங்கள். கதைத்தாளில் பெயரோ பள்ளியோ இருக்கக் கூடாது, எண் மட்டும் போதும். நார்லிகர் புனைபெயரால் சாதித்ததை நாம் விதியாகவே வைத்துவிடலாம். நடுவர்களில் ஓர் எழுத்தாளரும் ஓர் அறிவியல் ஆசிரியரும் கட்டாயம் வேண்டும். ஆசிரியர் சிவப்பு மையோடு உட்காரக் கூடாது. கதையில் இயற்கை விதி ஒன்றை மாற்றியிருந்தால், அந்த மாற்றத்தைக் கடைசி வரை கொண்டுபோயிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். ரோபோவும் வேற்றுக்கிரகவாசியும் நிறைய வரும். வரட்டும், முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும்.

பரிசுக்கு ஷீல்டு வேண்டாம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986 முதல் இருக்கிறது. அனுமதி வாங்கி, ஜெயித்த பிள்ளைகளை ஒரு வேன் வைத்து அழைத்துப் போய்க் காட்டுங்கள். கதைகளைச் சின்னப் புத்தகமாக அச்சிட்டு அடுத்த ஆண்டுத் திருவிழாவில் விற்றால் வேன் வாடகை வந்துவிடும் என்பது என் கணக்கு.

கதைகளைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், விடுமுறை நாளில் வருகிறேன். தராசு, மாங்காய் என்று ஏதாவது கதை தென்பட்டால் மட்டும் அதை என்னிடம் கொடுக்காமல் வேறு நடுவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஊத்தங்கரை வட்டத்திலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்